படித்ததாகக் கொள்ளப்பட்டது

சென்ற மாதம் நண்பர்கள் நான்கைந்து பேர் கூடியிருந்தபோது, கவிதைக்குள் எழுதுகிறவன் இருக்கலாமா கூடாதா என்ற பழைய விவாதம் மறுபடி எழுந்தது. எலியட் 1919-இல் எழுதிய கட்டுரையை ஒருவர் துணைக்கு அழைத்தார். எழுதுகிறவன் தன்னை அழித்துக்கொண்டால்தான் எழுத்து நிற்கும் என்கிற கட்சி. நானும் நெடுங்காலமாக அந்தக் கட்சிக்காரன்தான். அன்று ஏனோ வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது காரணம் புரிந்தது. அதை எழுதிவிடுவது நல்லது என்று படுகிறது. கவிதையைப் பற்றி இதில் சொல்வதற்கு அதிகமில்லை. கவிதைகளைவிட அதிகப் பக்கங்கள் நான் எழுதியிருக்கும் இன்னொரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நகர்மன்றத்தின் தீர்மானப் புத்தகம் அது.

1985-இல் இளநிலை உதவியாளனாக ஒரு நகராட்சியில் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அடுத்த வருஷம் தேர்தல் நடந்து, பல வருஷ இடைவெளிக்குப் பின் நகர்மன்றம் கூடியது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை மன்றப் பிரிவில் போட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வரும் குறிப்புகளைத் திரட்டிப் பொருள் நிரல் தயாரிப்பது, ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுப்பது, கூட்டத்துக்கு மூன்று முழு நாட்கள் முன்னதாக உறுப்பினர்கள் வீட்டில் சேர்ப்பித்துக் கையெழுத்து வாங்குவது, கூட்டத்தில் தலைவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது, பிறகு தீர்மானப் புத்தகத்தில் படியெடுத்துத் தலைவரிடம் ஒப்பம் பெறுவது. இவ்வளவுதான் வேலை.

பொருள் நிரலைப் படித்துப் பார்த்திராதவர்களுக்கு அதன் வியாபகம் தெரியாது. ஒரு ஊர் முழுவதும் அதில் இருந்தது. டியூப் லைட் வாங்குவது, பேருந்து நிலையக் கடை வாடகை, சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை, ஆட்டுத்தொட்டிக்குக் கூரை, பிளீச்சிங் பவுடர், வீட்டு வரி மேல்முறையீடு, பணியில் இறந்த வாட்சுமேனின் மகனுக்கு வாரிசு வேலை, சுடுகாட்டுக்குப் பாதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு அலுவலகக் குறிப்பு, கடைசியில் மாறாத ஒரு வாக்கியம்: மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது. கூட்டம் முடிந்ததும் அதன் கீழே இன்னொரு வாக்கியம் சேரும். அனுமதிக்கப்பட்டது. அல்லது ஒத்திவைக்கப்பட்டது. அல்லது, எதுவும் செய்வதாக உத்தேசமில்லை என்றால், பதிவு செய்யப்பட்டது.

வைத்தது யார், அனுமதித்தது யார் என்று அந்த வாக்கியங்கள் சொல்வதில்லை. 'படு' என்கிற துணைவினை இல்லாவிட்டால் தமிழில் அரசாங்கமே நடக்காது என்று அந்த நாட்களில் விளையாட்டாகச் சொல்வேன். எனக்கு வேலை கற்றுக் கொடுத்த தலைமை எழுத்தர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என் முதல் படியைப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையால் பாதியை அடித்தார். 12-ஆவது வார்டு உறுப்பினர் இப்படிக் கேட்டார், அதற்குப் பொறியாளர் இப்படிச் சொன்னார் என்று நான் எழுதியிருந்தேன். "மினிட்ஸ்ல முடிவு இருந்தாப் போதும்ப்பா, ஆள் வேண்டாம். ஆளை எழுதினா நாளைக்கு அவன் வந்து நிப்பான்," என்றார்.

நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நடை எனக்குப் பிடித்துப் போயிற்று. விசேஷணம் இல்லை, உணர்ச்சி இல்லை, பேசுகிறவன் இல்லை. அந்தச் சமயத்தில் என் கவிதைகள் சில சிறுபத்திரிகைகளில் வந்தன. அவற்றின் இறுக்கத்தைப் பாராட்டி எழுதிய நண்பருக்கு நான் சொல்லாத விஷயம், அந்தப் பயிற்சி முழுக்க ஆபீஸ் உபயம் என்பது.

மன்றத்தின் ஆயுள் 1991-இல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. மன்றத்தின் அதிகாரங்கள் தனி அலுவலருக்குப் போயின. இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டு, 1996 வரை இருபத்து மூன்று வருஷங்கள் ரிப்பன் கட்டிடத்தில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லாமல் இருந்தது. எங்கள் ஊரில் ஐந்து வருஷம்தான். கமிஷனரே தனி அலுவலர்.

அந்த ஐந்து வருஷத்தில் நடந்ததை வெளியாட்களுக்கு விளக்குவது கடினம். பொருள் நிரல் நிற்கவில்லை. மன்றக் கூட்டம் என்ற சொல்லும் நிற்கவில்லை. மாதம் ஒரு நாள் கட்டை எடுத்துக்கொண்டு கமிஷனர் அறைக்குப் போவேன். ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்து. முதலில் ஆணையராக, 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்பதற்குக் கீழே. பிறகு தனி அலுவலராக, 'அனுமதிக்கப்பட்டது' என்பதற்குக் கீழே. அதே பேனா, அதே கை. இரண்டுக்கும் இடையில் அவர் ஒரு வாய் காபி குடித்தால் அதுதான் விவாதம். ஒரு தடவை அவர் தலையை நிமிர்த்தாமலே, "யாராவது எதிர்க்கிறாங்களா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். நல்ல மனிதர், அவரும் சிரித்தார். அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

அறுபது மாதம் அப்படி எழுதினேன். என் வாக்கியங்களுக்கும் நடந்ததற்கும் பேதமே இல்லாத காலம் அது. ஒருவரும் பேசவில்லை, பேசியதாக நானும் எழுதவில்லை. பழக்கம் எப்படி மனுஷனுக்குள் இறங்குகிறது என்று இப்போது யோசித்தால், அந்த ஐந்து வருஷத்தில்தான் அது எனக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றாயிற்று. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்து, மன்ற மண்டபத்தில் ஒட்டடை அடித்து, மின்விசிறிகளுக்கு எண்ணெய் போட்டார்கள். புதிதாக வந்த பெண் உறுப்பினர்களில் பலருக்குப் பதிலாக அவர்களுடைய கணவன்மார்தான் ஆபீசுக்கு வந்து போனார்கள். ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டிலிருந்து வந்த ஒரு அம்மாள் மட்டும் தனியாக வருவார். ஐம்பது வயதிருக்கும். பொருள் நிரலை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். புரியாத இடத்தில் தாளை மடித்துக்கொண்டு என் மேஜைக்கு வருவார்.

"பின்னேற்புன்னா என்ன தம்பி?"

"செலவைப் பண்ணிட்டு, அப்புறம் மன்றத்துக்கிட்ட அனுமதி கேக்கறதும்மா."

"அப்ப வேணாம்னு சொன்னா?"

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை," என்றேன்.

1998-இல் பேருந்து நிலையப் பொதுக் கழிப்பிடத்தின் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் விட்டார்கள். அவர் அனுப்பிய ஆள் உள்ளே இறங்கி, விஷவாயு தாக்கி, மேலே வரவில்லை. நகராட்சியின் மஸ்டர் ரோலில் அவர் பெயர் இல்லை. எனவே இறந்தவர் நகராட்சித் தொழிலாளி அல்ல என்பது ஆபீஸ் நிலைப்பாடு. அப்போதைக்கு அதுவே ஊரின் நிலைப்பாடாகவும் இருந்தது.

அடுத்த சாதாரணக் கூட்டம் ஒரு இரங்கல் தீர்மானத்தோடு தொடங்கியது. முன்னாள் உறுப்பினர் ஒருவர் காலமாகியிருந்தார். இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"தலைவர் அய்யா, நம்ம கக்கூஸ் தொட்டியில செத்தவனுக்கும் சேத்து நின்னதா எழுதிக்கலாமா?"

தலைவர் கெட்டவர் அல்ல. "அது பொருள் நிரல்ல இல்லையேம்மா," என்றார்.

"இருக்குதே. முப்பத்தொண்ணு."

பொருள் 31 நான் ஸ்டென்சில் வெட்டியதுதான். அந்தக் கழிப்பிடத்தின் தொட்டியை அவசர அவசியம் கருதிச் சுத்தம் செய்த வகையில் ஒப்பந்தக்காரருக்கு ரூ. 4,800 வழங்கியதற்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது. வெட்டும்போது எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டும் ஒரே தொட்டி என்பதைக் கண்டுபிடிக்க விரல் வைத்துப் படிக்கிற ஒருவர் தேவைப்பட்டார்.

"இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். சுத்தம் பண்ணினதுக்குக் காசு குடுத்தோம்னு எழுதறதா இருந்தா, பண்ணினவன் செத்தான்னும் எழுதணும். அவன் பேரையும் எழுதணும்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அம்மா உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கருத்து பதிவு செய்யப்படும்," என்றார். யாரால் என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அம்மாளும் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு யாரோ, "ஒண்ணுலேருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் ஆல் பாஸ்," என்று குரல் கொடுக்க, மேஜைகள் தட்டப்பட்டன. வடையும் காபியும் வந்தன.

அன்று இரவு படியெடுத்தேன். 1 முதல் 48 வரை எண்களை இடது பக்கம் எழுதி, வலது பக்கம் ஒரே நீண்ட அடைப்பைப் போட்டு, அடைப்புக்கு வெளியே 'ஏகமனதாக அனுமதிக்கப்பட்டன' என்று எழுதினேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சௌகரியமான காரணம் இருந்திருக்கலாம். ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார், தலைவர் கூப்பிட்டுச் சொன்னார், கமிஷனர் மிரட்டினார் என்று ஏதாவது ஒன்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறிப்பு நோட்டில் அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதியிருந்தேன். இறந்தவரின் பெயரும் அதில் இருந்தது. அதைச் சேர்க்க வேண்டுமானால் அடைப்பை முப்பதில் நிறுத்தி, முப்பத்தொன்றைத் தனியாக எழுதி, முப்பத்திரண்டிலிருந்து இன்னொரு அடைப்பைத் தொடங்க வேண்டும். பக்கம் அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதையும் இத்தனை வருஷத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் தன் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்திருந்தால் சேர்க்காமல் விட்டிருக்க முடியாது. அப்படிக் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் எப்போதும்போல் சென்ற கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்வது. முழுவதையும் வாசித்தால் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அதற்கும் ஒரு வாக்கியம் உண்டு: படித்ததாகக் கொள்ளப்பட்டது. தலைவர் கேட்டார், யாரும் மறுக்கவில்லை, ஒப்பமிட்டார். அந்த அம்மாளும் அங்கே இருந்தார். தான் சொன்னது புத்தகத்தில் ஏறிவிட்டது என்ற நிச்சயத்தோடு இருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த மன்றம் 2001-இல் முடிந்தது. அவர் மறுபடி போட்டியிடவில்லை.

2014 மார்ச் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து பத்து லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று. 2023 அக்டோபரில் வந்த இன்னொரு தீர்ப்பு அதை முப்பது லட்சமாக்கியது. சாவுகள் நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

2015-இல் ஒருநாள் முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர் ஒருவர் என் மேஜைக்கு முன் வந்து நின்றார். நான் அப்போது கண்காணிப்பாளர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருந்தார். 1998-ஆம் வருஷத்து மன்றக் கூட்ட நடவடிக்கைகளின் நகல் வேண்டும். பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சான்றிட்ட நகலை நானே எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை புரட்டினார்.

"இதுல எங்கப்பா பேரு இல்லியே சார்."

நான் பேசவில்லை.

"எங்க வார்டு அம்மாதான் சொன்னாங்க. அந்தப் பொஸ்தகத்துல இருக்கும், நான் எழுதச் சொல்லியிருக்கேன், போய்க் கேளுன்னாங்க."

"பேசறதெல்லாம் எழுதற வழக்கமில்லைப்பா. முடிவை மட்டும்தான் எழுதுவாங்க," என்றேன். 'எழுதுவாங்க' என்று என் வாயில் வந்ததை அப்போதே கவனித்தேன். அந்தப் பக்கத்தின் எழுத்து என் எழுத்து. அவருக்குத் தெரிய வழியில்லை.

அவர் போன பிறகு பழைய குறிப்பு நோட்டுகளைத் தேடினேன். பதிவறையில் கரையான் அரித்தவற்றைக் கழித்தபோது அவையும் போயிருந்தன. நான் செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருந்தது. இந்தத் தேதியில் இந்த உறுப்பினர் இப்படிச் சொன்னார், நான் கேட்டேன், எழுதாமல் விட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. ஒரு மெமோ வந்தால் பென்ஷன் நிற்கும். கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் போனேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-இலும் 921-இலும் வெட்டியவை, பள்ளிப் பாடத்தில் வந்த குடவோலை. அந்தச் சபையைப் பற்றிப் பெருமை பேச எனக்கு உத்தேசமில்லை. நிலம் வேண்டும், வேதம் தெரிய வேண்டும் என்று தகுதி வைத்த சபை. சாக்கடை அள்ளியவனுக்கு அங்கே எந்தக் குடத்திலும் ஓலை இல்லை. ஆனால் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது, அவன் உறவினரும் வரக்கூடாது என்று அதே கல்லில் இருக்கிறது. என்னை நிறுத்தி வைத்தது அதன் முடிவு. சபை பணித்ததை எழுதியவன் நான் என்று மத்தியஸ்தன் ஒருவன் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன். ஆயிரத்து நூறு வருஷமாக அந்தக் குமாஸ்தா தன் எழுத்துக்குப் பொறுப்பேற்று நிற்கிறான். நான் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் என் பெயர் எங்கும் கிடையாது. தலைவர் ஒப்பம் மட்டும் இருக்கும். அந்த மறைவைத்தான் நான் கலை என்று நினைத்திருந்தேன்.

2018-இல் ஓய்வு பெற்றேன். பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த பிறகு வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு அந்த இளைஞரின் வீட்டைத் தேடிப் போனேன். 'நான்' என்று தொடங்கும் ஒன்றரைப் பக்கம். பணம் முந்தின வருஷமே வந்துவிட்டதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக் காகிதம் கிடைத்ததாம். அந்த அம்மாள் நடக்க முடியாத நிலையிலும் ஆட்டோவில் வந்து அதிகாரியிடம் சொன்னாராம். அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. நான் கொடுத்ததை அவர் பொறுமையாகப் படித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் சார், வச்சுக்கறேன்," என்று மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். இதையெல்லாம் எங்காவது எழுதினால் அப்பா பெயரைப் போடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வேணாம் சார். போட வேண்டிய எடம் வேறதானே," என்றார்.

2016-இல் மறுபடி தனி அலுவலர்கள் வந்து, 2022 பிப்ரவரித் தேர்தல் வரை இருந்தார்கள். அதன்பின் மன்றம் கூடிய ஒரு நாள் பார்வையாளர் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் பெண்கள். பொருட்கள் எழுபதுக்கு மேல். முக்கால் மணி நேரம். குறிப்பெடுத்தது இருபத்தைந்து வயதுப் பெண், மடிக்கணினியில். யாரோ எழுந்து ஏதோ சொல்ல முற்பட்டபோது அந்தப் பெண்ணின் விரல்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். வெளியே வந்ததும் பழைய ஆள் என்று தெரிந்து வணக்கம் சொன்னார்.

"எதிர்த்துப் பேசினவங்க பேரையாவது எழுதறதுண்டாம்மா?" என்று கேட்டேன்.

"ஃபார்மேட்ல அதுக்குக் காலம் இல்லை சார்," என்றார். பிறகு, நான் ஏன் கேட்கிறேன் என்பதுபோல் பார்த்து, "சேக்கணுமா சார்?" என்றார்.

நான் சொன்னேன். பக்கம் அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குத் தெரியும் என்பதால், அடுத்த கூட்டத்துக்கும் போகலாம் என்றிருக்கிறேன்.